திடீர் லீவில் தனியாக ஒரு மலை நடை: முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணிக்குச் செய்தி வருகிறது: இன்றைக்கு வேலை இல்லை. எங்கோ பழுது, ஏதோ ஒத்திவைப்பு, காரணம் எதுவானாலும் சரி. ஒரு முழுப் பகல் மடியில் வந்து விழுந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தால் நண்பர்கள் எல்லோருக்கும் வேலை. ஜன்னலைத் திறந்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு மலை. தனியாகப் போகலாமா?

போகலாம். மாதக்கணக்கில் திட்டமிட்டுப் போகிற பெரிய ஏற்றங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கயிறோ கருவியோ தேவைப்படாத, தெளிவான பாதை உள்ள, நாலைந்து மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடக்கூடிய சின்ன மலைதான் கணக்கு.

திட்டமிட்டுப் போகும்போது முதலில் மலையை முடிவு செய்வோம், பிறகு அதற்கு நாள் ஒதுக்குவோம். திடீர் லீவில் எல்லாம் தலைகீழ். நாள் முதலில் வந்துவிட்டது, அதிலும் விடிகாலை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமுள்ள பகலுக்குள் அடங்குகிற மலையைத் தேட வேண்டும். எனக்கு இதுவரை வந்த சிக்கல்கள் பெரும்பாலும் பகல் போதாமல் வந்தவை. செங்குத்தான பாறையோ காட்டு விலங்கோ ஒரு தடவைகூடக் காரணமாக இருந்ததில்லை. அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கடிகாரம் கூடவே வரும்.

1. இருட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பையைத் தேடுவதற்கு முன்னால் பேனாவைத் தேடுங்கள். இன்றைக்குச் சூரியன் மறையும் நேரம் என்ன? 6.15 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். அது உங்களுடையது இல்லை, கணுக்கால் பிசகினால், பாதை தவறினால் செலவழிக்க வைத்திருக்கும் சேமிப்பு. ஆக 4.45-க்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். கிளம்பி, பயணம் செய்து, நடக்க ஆரம்பிக்கும்போது மணி 10 ஆகிவிடும் என்றால் கையில் இருப்பது ஆறே முக்கால் மணி நேரம்.

அடுத்து, மலை எவ்வளவு நேரம் கேட்கும் என்ற கணக்கு. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு சூத்திரம் சொன்னார். மெட்ரிக் அளவில் அது இப்படி வரும்: சமதளத் தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம். நூற்றாண்டு கடந்தும் இதைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது நல்ல உடற்கட்டோடு, நிற்காமல் நடக்கிறவருக்கான கணக்கு. நேற்று இரவு தாமதமாகத் தூங்கி, இன்று காலை திடீரென்று கிளம்புகிற நமக்கு அது பொருந்தாது. வரும் விடையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். நிற்பது, சாப்பிடுவது, படம் எடுப்பது, பாறைமேல் உட்கார்ந்து சும்மா இருப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

போக வர 8 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் உள்ள மலை என்றால், தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 50 நிமிடம், மொத்தம் 2 மணி 26 நிமிடம். பாதியைக் கூட்டினால் சுமார் 3 மணி 40 நிமிடம். தாராளமாக அடங்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு மலை, போட்டோக்களில் பார்த்து ஏங்கியது: 14 கிலோமீட்டர், 1,100 மீட்டர் ஏற்றம். 4 மணி 38 நிமிடம், பாதியைக் கூட்டினால் கிட்டத்தட்ட 7 மணி நேரம். நம்மிடம் இருப்பதைவிட ஒரு கால் மணி நேரம்தான் அதிகம். கொஞ்சம் வேகமாக நடந்தால் ஆயிற்று என்று மனம் சொல்லும். அந்த மலையைத்தான் இன்றைக்கு விட வேண்டும். ஏழு மணி நேர மலையைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டோம் என்றாலும், கால் மணி நேரக் குறையைப் பார்த்தால் எல்லோரும் ஏமாறுவோம்.

கடைசியாக ஒரு நேரத்தை எழுதுங்கள்: திரும்பும் நேரம். உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இந்த மணிக்கு முகத்தைத் திருப்பிவிடுவேன் என்ற நேரம். நான் அதை இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சிரிக்காதீர்கள். மனத்தில் வைத்திருக்கும் நேரத்தை மேலே போனதும் மனமே திருத்திவிடும். கையில் 1.00 என்று நீல மையில் இருந்தால் அதோடு வாதாட முடியாது.

2. தெரிந்த மலை, வந்த வழி

திடீர் லீவில் புதுசு எதுவும் வேண்டாம். புதுக் காலணி வேண்டாம், புதுப் பாதை வேண்டாம், 'குறுக்கு வழி இருக்கிறதாம்' என்று யாரோ சொன்ன வழி வேண்டவே வேண்டாம். முன்பு ஒரு தடவையாவது யாரோடாவது போன மலை என்றால் நல்லது. அது இல்லையென்றால் பலர் நடக்கிற, அடையாளம் போட்ட பாதை.

ஏறிய வழியிலேயே இறங்குவதா, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் இறங்குவதா என்ற கேள்வி வரும். சுற்றுப் பாதை அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் போய்விட்டால், தெரியாத பாதி முன்னால் இருக்கும், தெரிந்த பாதி நீளமாகப் பின்னால் கிடக்கும். திரும்பவும் மனம் வராது, முன்னே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. வந்த வழியே திரும்புவதில் எந்த இடத்திலும் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரிந்த பாதைதான். தனியாகப் போகிறவருக்கு அது பெரிய சொத்து.

வரைபடத்தில் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார்த்துவிடுங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு. அம்புமுனை மாதிரி வளைந்து, கூர்ப்பகுதி உயரமான பக்கம் காட்டினால் அது ஓடைப் பள்ளம். தாழ்வான பக்கம் காட்டினால் மலைமுதுகு, அதாவது பள்ளங்களுக்கு நடுவே நீளமாக இறங்கும் மேடு. இந்த இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே போதும், பின்னால் இறங்கும்போது கைகொடுக்கும். 2,500 மீட்டருக்கு மேல் போகும் மலைகளையும் இன்றைக்கு விட்டுவிடலாம், நீங்கள் ஏற்கெனவே அந்த உயரத்தில் வாழ்கிறவராக இருந்தாலொழிய. அதற்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் ஆரம்பித்துவிடும், உடலுக்குப் பழக நேரம் கொடுக்க ஒரு நாள் லீவு பத்தாது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. திடீர் லீவு பெரும்பாலும் வார நாளில் வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டம் கடந்துபோகும் பாதையில், செவ்வாய்க்கிழமை மாலைவரை ஒருவர்கூட வராமல் போகலாம். போன முறை போனபோது நிறையப் பேர் இருந்தார்கள் என்ற தைரியத்தை எடுத்துப்போகாதீர்கள். வார நாளில் பாதை திறந்திருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமா, காட்டுத்தீயோ மண்சரிவோ காரணமாக மூடியிருக்கிறார்களா என்று கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

3. வானிலை: அடிவாரத்துக்கு இல்லை, உச்சிக்குப் பாருங்கள்

போனில் வரும் வானிலை பெரும்பாலும் பக்கத்து ஊருக்கானது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 500 மீட்டர் ஏறினால் மூன்று டிகிரிக்குமேல் போய்விடும். கேட்கச் சின்னதாகத் தெரியும், வியர்த்த சட்டையோடு காற்றடிக்கும் முகட்டில் நிற்கும்போதுதான் அதன் அளவு புரியும். வெயிலிலோ இன்னொரு வேடிக்கை: குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் தெளிவான வானம் மாலைக்கான உறுதிமொழி கிடையாது. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது, அதை ஒட்டிய ஈரக்காற்று மேலெழுகிறது, மதியத்துக்குப் பிறகு உச்சிகளின் மேல் மேகமாகத் திரள்கிறது. பல மலைகளில் இடி மின்னல் பிற்பகலில் வருவது இதனால்தான். பஞ்சுப் பொதிகள் தட்டையாகக் கிடக்கும்வரை கவலையில்லை. அவை அகலத்தைவிட உயரமாக வளர ஆரம்பித்தால், அடிப்பாகம் கறுத்தால், கையில் எழுதிய நேரம் வரைகூடக் காத்திருக்காதீர்கள். இடி மின்னல் எச்சரிக்கை காலையிலேயே இருந்தால் மலையை விட்டுவிட்டு வேறு எங்காவது நடக்கலாம். மலை அங்கேதான் இருக்கும்.

4. ஒருவரிடம் முழுசாகச் சொல்லுங்கள்

'மலைக்குப் போறேன்' என்று சொன்னால் சொன்ன மாதிரி ஆகாது. எந்த மலை, எந்தப் பக்கம், எப்போது, எப்போதிலிருந்து கவலைப்பட வேண்டும் என்பது வரை போக வேண்டும். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இன்னிக்கு லீவு, தனியா மலைக்குப் போறேன். கிழக்குப் பக்க அடிவாரத்துல 10 மணிக்கு ஆரம்பிக்கிறேன். ஏறின வழியிலேயே இறங்குவேன். 3 மணிக்குள்ள கீழே வந்து மெசேஜ் போடுவேன். 5 மணி வரைக்கும் மெசேஜும் இல்ல, போனும் போகலன்னா அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு இந்த மெசேஜை அப்படியே படிச்சுச் சொல்லு. சாம்பல் கலர் சட்டை, சிவப்புப் பை."

இதில் முக்கியமானது 3-க்கும் 5-க்கும் இடையில் உள்ள இடைவெளி. ஒரே ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால், சார்ஜ் தீர்ந்ததற்கெல்லாம் ஊரே கூடிவிடும், அல்லது 'அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான்' என்று எதிர்முனை விட்டுவிடும். இரண்டு நேரம் சொன்னால் இரண்டும் நடக்காது. நிறம் எதற்கென்றால், தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அனுப்பிய பிறகு திட்டத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் சிக்னல் இருக்கும் இடத்திலேயே இன்னொரு செய்தி போட்டுவிடுங்கள். கீழே வந்ததும் சொல்ல மறப்பது இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது.

போகும் இடத்தின் அவசர எண்ணையும் இப்போதே பார்த்து வையுங்கள். பல நாடுகளில் அது 112. உங்கள் போன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு ஏதாவது நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போக வாய்ப்பு உண்டு.

5. பை

பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். நிமிடக்கணக்கில் தயங்க வைப்பது இரண்டு சாமான்கள்தான்: டார்ச், கம்பளிச் சட்டை. பட்டப்பகலில் நாலு மணி நேரத்துக்குப் போகிறோம், இவை எதற்கு என்று தோன்றும். நாலு மணி நேரம் ஏழாகிற அன்றைக்குத்தான் இவை தேவை, அந்த நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. டார்ச் தலையில் மாட்டுவதாக இருந்தால் கை இரண்டும் காலியாக இருக்கும். போன் டார்ச்சை நம்ப வேண்டாம், இருட்டும்போது போனுக்கு வேறு வேலை இருக்கும்.

உடையில் பருத்தி மட்டும் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துவிட்டு வெளியே விடாது, காற்றடித்தால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற கதைதான். விளையாட்டுக்குப் போடும் பனியன் எதுவானாலும் சரி. மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய கோட்டு.

தண்ணீர், ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் கடுமை என்றால் இன்னும் கொஞ்சம். சாப்பிட உங்கள் வயிற்றுக்குப் பழகியது, பையில் நசுங்காதது, அதில் ஏதாவது ஒன்று உப்பாக இருக்கட்டும். கணுக்காலைச் சுற்றிக் கட்ட ஒரு எலாஸ்டிக் பேண்டேஜ், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரு வேளைக்கு அதிகமாக. விசில் ஒன்று, பைக்குள் போடாமல் தோள்பட்டையில் கட்டி. விழுந்து கிடக்கும்போது பையின் அடியில் இருக்கும் விசிலால் பயனில்லை.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. தேவைப்படுவது வரைபடம்தான், அதை வீட்டிலேயே இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃப்ளைட் மோடில் போட்டால் தேடல் நிற்கும், பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

அப்புறம், கால் நகத்தை வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். இறங்கும்போது விரல்கள் முன்னால் முட்டிக்கொண்டே வரும். மலையில் நான் பட்ட மிக நீளமான வேதனை ஒரு மில்லிமீட்டர் நகத்தால் வந்தது.

6. ஏறுதல்

முதல் அரை மணி நேரம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக நடங்கள். திடீரென்று கிடைத்த சுதந்திரம் கால்களில் ஏறி உட்கார்ந்திருக்கும், அந்த வேகத்தில் போனால் முக்கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி உட்கார வேண்டும். கூட ஆள் இருந்தால் பேச்சே வேகத்தைச் சொல்லிவிடும். தனியாகப் போகிறவர் வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். செங்குத்து கூடும்போது அடியைச் சின்னதாக்குங்கள், தாளத்தை மாற்ற வேண்டாம்.

வியர்க்கத் தொடங்குவதற்கு முன்பே மேற்சட்டையைக் கழற்றுங்கள், நின்றதும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனத்தில் இதை விட்டுவிடுவோம். உச்சியில் நடுங்குகிறவர்களில் பாதிப் பேர் ஏற்றத்தில் நனைந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

காதில் ஹெட்போன் வேண்டாம். கல் உருளும் சத்தம், தூரத்து இடி, புதரில் அசைவு எல்லாவற்றையும் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். தனியாக நடக்கிறவர் சத்தமில்லாமல் நடப்பார், அதுவே ஒரு சிக்கல். விலங்குகள் பெரும்பாலும் நம்மை எதிர்பார்க்காமல் திடுக்கிட்டால்தான் பாயும். புதர் மூடிய திருப்பங்களில் கைதட்டிக்கொண்டோ பாடிக்கொண்டோ போங்கள். பாட்டு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்க ஆளில்லை.

ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவுக்கு வந்தாலே ஆளைத் தள்ளிவிடும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மேலே எங்கோ பெய்த மழையால் மாலையில் வேறு ஓடையாக இருக்கலாம். திரும்ப அதையே கடந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் காலை வைக்க வேண்டும்.

ஏறும்போது செய்ய வேண்டியதில் மிக முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன்: பாதை பிரிகிற, வளைகிற, மரக்கூட்டத்தைவிட்டு வெளியே வருகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, பின்னால் திரும்பிப் பாருங்கள். மாலையில் நீங்கள் பார்க்கப்போவது அந்தக் காட்சியைத்தான். முன்னால் தெரியும் உச்சியைப் பத்துப் படம் எடுப்போம். அவற்றில் ஒன்றுகூட இறங்க உதவாது. திரும்பிநின்று எடுத்த ஒரு படம் உதவும்.

7. திரும்பும் இடம்

உச்சியை எட்டிவிட்டீர்கள் என்றால் சந்தோஷம். எட்டாமல் கையில் எழுதிய நேரம் வந்துவிட்டதென்றால், நிற்கும் இடம்தான் இன்றைய உச்சி. நல்ல பாறையாகப் பார்த்து உட்காருங்கள். சாப்பிடுங்கள், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. கொண்டுவந்தது எல்லாம் பைக்குள் திரும்பட்டும். ஒதுங்க வேண்டியிருந்தால் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அறுபது மீட்டராவது தள்ளிப்போங்கள். கிளம்புவதற்கு முன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். விரல்கள் முன்னால் வழுக்காமல் இருக்கும்.

8. இறங்குதல்

ஏறிவிட்டோம், இனி இறக்கம்தானே என்ற நினைப்போடு மனம் பாதி வீட்டுக்குப் போய்விடுகிறது. தவறு நடப்பது இங்கேதான்.

ஒரு மலையை மேலிருந்து கற்பனை செய்து பாருங்கள். உச்சியிலிருந்து முதுகுகள் கிளை கிளையாகப் பிரிந்து கீழே போகின்றன. ஏறும்போது எந்தக் கிளையில் ஏறினாலும் அவை மேலே போய் ஒன்றுசேரும், தவறவிடுவது கடினம். இறங்கும்போது அதே கிளைகள் ஒவ்வொன்றாகப் பிரியும், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஏறும்போது அங்கே ஒரு பிரிவு இருந்ததே கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் மற்ற பாதை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து சேர்ந்திருக்கும்.

எனக்கு இது நடந்தது. கிழக்கிலிருந்து மேற்காக ஏறிய மலை. உச்சிக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், மணி மூன்று இருக்கும். பாதி இறக்கத்தில் கட்டில் மாதிரி தட்டையான ஒரு மேடு. அங்கிருந்து நன்றாகத் தேய்ந்த தடம் ஒன்று கீழே போனது, அதில் இறங்கினேன். இருபது நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஏதோ உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. வலது கன்னம் சுட்டது. காலையில் ஏறும்போது வெயில் முதுகில் இருந்தது. பிற்பகலில் கிழக்கே இறங்கும்போதும் வெயில் முதுகில்தான் இருக்க வேண்டும். கன்னத்தில் அடிக்கிறதென்றால் நான் தெற்கே போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் நாலு அடி வைத்திருந்தால் தடமே புதருக்குள் முடிந்திருக்கும். அது கால்நடைகள் போட்ட தடம்.

இருபது நிமிடத்தில் இறங்கியதைத் திரும்ப ஏற முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மேட்டுக்கு வந்து பார்த்தால் சரியான பாதை இடது பக்கம், ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அடிவாரத்தைத் தொடும்போது சேமித்து வைத்த நேரத்தில் பாதியைச் செலவழித்திருந்தேன். சேமிப்பு இருந்தது, அதனால் இது வெறும் கதையாக முடிந்தது.

ஆகவே இறங்கும்போது தட்டையான இடம் வந்தால் நில்லுங்கள். தட்டையான இடங்களில்தான் முதுகுகள் பிரியும். காலையில் எடுத்த படத்தைப் பாருங்கள், வரைபடத்தில் புள்ளியைப் பாருங்கள், வெயில் எந்தப் பக்கம் படுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழகாத இடமாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று போகாமல், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்ப ஏறிவிடுங்கள். திரும்ப ஏறுவது கால்களுக்குப் பிடிக்காது. கால்களிடம் கேட்காதீர்கள்.

மற்றபடி, முழங்காலைச் சற்று மடக்கி, அடியைச் சிறிதாக வைத்து இறங்குங்கள். சரளைக்கல் சரிவில் பின்னால் சாய்ந்தால் கால் வாரிவிடும், உடம்பைக் காலுக்கு நேர் மேலே வைத்திருங்கள். காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்க வேண்டாம்.

பகல் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு வழி: கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி இடம் இருந்தால் குறைந்தது 40 நிமிடம், நிலநடுக்கோட்டைவிட்டுத் தள்ளிப்போகப் போக இன்னும் கொஞ்சம் கூடும். சூரியனை நேராகப் பார்க்காமல், பக்கத்தில் பார்வையை வைத்து அளந்துகொள்ளுங்கள். எதிரே இன்னொரு மலை இருந்தால் அதன் முகட்டிலிருந்துதான் எண்ண வேண்டும், பள்ளத்தாக்கில் சூரியன் முன்பே மறைந்துவிடும். மரநிழலில் அதற்கும் முன்பே.

9. ஏதாவது ஆகிவிட்டால்

வழி தவறிவிட்டது, தெரிந்த இடமும் தெரியவில்லை என்றால் முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். பதற்றத்தில் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தேடுகிறவர்களின் வட்டத்தைப் பெரிதாக்குகிறது. ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வார்கள். ஊர் வருவதற்கு முன் அருவி வரும், வழுக்குப் பாறை வரும். தெரிந்த இடத்துக்குத் திரும்ப வழியே இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். நீங்கள் அனுப்பிய செய்தி 5 மணிக்கு உங்களுக்காக வேலை செய்யத் தொடங்கும்.

கணுக்கால் பிசகினால் காலணியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். வீங்கிய பிறகு திரும்ப நுழையாமல் போகலாம். அதற்கு மேலேயே பேண்டேஜைச் சுற்றிக் கட்டி, நாலு அடி எடுத்துவைத்துப் பாருங்கள். எடை தாங்கினால் மெதுவாக, ஒரு கம்பை ஊன்றி இறங்கலாம். தாங்கவே இல்லையென்றால் எலும்பாக இருக்கலாம், நடக்க முயல வேண்டாம். கம்பளிச் சட்டை, கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பையை விரித்து அதன்மேல் உட்காருங்கள். வெறும் தரை உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

உதவிக்குக் கூப்பிடும் விசில் முறை ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். வட அமெரிக்காவில் கூப்பிடுவதற்கே மூன்று. இரவானால் டார்ச் வெளிச்சத்தாலும் இதையே செய்யலாம். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள், அவர்கள் உங்களிடம் வந்துசேரும்வரை அந்தச் சத்தம்தான் வழி.

மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேல் விழலாம். முகட்டைவிட்டு, தனி மரத்தைவிட்டு, இரும்பு வேலியைவிட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே திரும்பாதீர்கள்.

குளிரில் கவனிக்க வேண்டியது நடுக்கத்தைவிட உளறலைத்தான். ஜிப்பைப் போடக் கை தடுமாறுகிறது, கால் இடறுகிறது, சொல்ல நினைத்த சொல் வரவில்லை என்றால் உடல் வெப்பம் குறைகிறது. தனியாக இருக்கும்போது இதைச் சொல்ல எதிரே ஆள் இல்லை. அதனால் நடுக்கம் தொடங்கியதுமே காற்றிலிருந்து ஒதுங்கி, ஈரத்தை மாற்றி, இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

10. கீழே வந்ததும்

காலணியைக் கழற்றுவதற்கு முன் செய்தி. 'கீழே வந்துட்டேன்' என்ற இரண்டு சொல் போதும்.

நாளைக்குத் தொடை வலிக்கும், அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக வலிக்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கியதன் விளைவு அது, சில நாளில் அடங்கிவிடும். அலுவலகத்தில் மாடிப்படி இருந்தால் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள், யாராவது கேட்டால் லீவில் சும்மா வீட்டில் இருந்தேன் என்று சொல்வது அதற்குப் பிறகு கஷ்டம்.

இரவு படுப்பதற்கு முன், பையிலிருந்து சாப்பாட்டு மிச்சத்தையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டு, பேண்டேஜைச் சுருட்டி, விசிலைத் தோள்பட்டையிலேயே விட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். அடுத்த செய்தியும் காலை ஏழரை மணிக்குத்தான் வரும்.